சாயம் போகாத முதுகு

...இல்லங்க தம்பி, சட்டையக் கழட்ட முடியாது. கழட்டுனா இந்த ஸ்டேஷனே கூடிரும். சித்திர வெயில்ல கழுத்து வரைக்கும் பித்தான் போட்டு, அதுக்கு மேல துண்டையும் சுத்திக்கிட்டு இந்த ஆளு ஏன் இப்படி வேகுறான்னுதான பாக்குறீங்க? எல்லாம் எங்க வீட்டுக்காரி பண்ணுன வேலை. ஜக்கம்மாள்னு பேரு. அவ கையில ஒரு குச்சியக் குடுத்தேன் பாருங்க... செத்த நகந்து உக்காருங்க, அந்தப் பொட்டியக் கீழ வைங்க, நான் பாத்துக்கிறேன். நேரங் கெடக்கு. மெட்ராஸ் வண்டி இன்னும் கொடைரோடே தாண்டலையாம், போர்ட்டர்ட்ட இப்பத்தான் கேட்டேன். நீங்க எதுவரைக்கும்? மெட்ராஸா? அட, நல்லதாப் போச்சு. ரொம்ப நல்லதாப் போச்சு.

நமக்குச் சின்னாளபட்டிங்க. சாயப்பட்டறை. சுங்கடிச் சேலை தெரியும்ல, பொம்பளைக முடிச்சுப் போட்டுக் குடுப்பாக, நம்ம சாயத்துல முக்கி எடுக்கிறது. சுப்புராஜ் சாயம்னா மதுரைக் கடைக்காரன் தண்ணியில நனைச்சுக்கூடப் பாக்க மாட்டான், அப்படியே வாங்கிருவான். முப்பது வருசத்துல ஒரு சேலை, ஒரே ஒரு சேலை சாயம் போச்சுன்னு திரும்பி வந்ததில்ல. அந்தப் பெருமைதான் தம்பி இன்னைக்கு என்னயக் கொண்டாந்து இந்தப் பெஞ்சுல உக்கார வச்சிருக்கு. இருங்க, எங்கிட்டோ போயிட்டேன். மாப்பிள்ளையில இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

மாப்பிள்ளைக்குப் பழனிக்குப் பக்கத்துல பாலசமுத்திரம். பொன்ராஜ்னு பேரு. நமக்கு ஒத்தப் பொண்ணு, சண்முகவள்ளி. ஆம்பளப் பிள்ளை இல்ல. தரகன் வந்து மாப்பிள்ளை மெட்ராஸ்ல டாக்டருக்குப் படிக்காருன்னான். கலியாணம் முடிஞ்சு மூணாம் நாளு, விருந்துல வச்சுத்தான் தெரியுது, டாக்டர் இல்லையாம், பிசியோதெரப்பியாம். மருந்து கெடையாது, ஊசி கெடையாது, கையாலயே குணமாக்குறது. 'ஏன் மாப்பிள்ளை, எங்க ஊர்ல குஸ்தி வாத்தியார் சுளுக்கெடுக்குறாரு, அவரு எந்தக் காலேசுல படிச்சாரு'ன்னு கேட்டுப்புட்டேன். வாய் இருக்கே, நம்ம வாயி. மாப்பிள்ளை கோவப்படலங்க. 'ஏனுங்க மாமா, அது வேறைங்க, இது வேறைங்க'ன்னாரு. இளம்பிள்ளை வாதம் வந்து கால் சூம்பிப்போற பிள்ளைக இருக்குல்ல, அதுகள எந்திரிச்சு நிக்க வைக்கிற படிப்பாம். அவரு தங்கச்சி அப்படித்தான் தவந்தே வளந்துச்சாம். அதக் கேட்டப்புறம் நான் பேசல. ஒரு நாள் பூரா பேசாம இருந்தேன். ஜக்கம்மா எனக்கு மேலுக்கு முடியலையோன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தா.

படிப்பு நல்ல படிப்புத்தான். இந்தப் பரீட்சை இருக்கு பாருங்க, அதுதான் எழவு. எழுதுற பரீட்சையில எம்பது மார்க்கு. ஆனா செஞ்சு காட்டுற பரீட்சைன்னு ஒண்ணு வச்சிருக்கானுக. ஒரு ஆளச் சட்டையில்லாமப் படுக்கப் போட்டு, இன்ன தசை எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, அத எப்படி வேலை வாங்குறதுன்னு தொட்டுக் காட்டணும். அதுல பாஸானாத்தான் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தாத்தான் நோயாளி மேல கையே வைக்கலாம். அந்த ஆளையும் பரீட்சைக்காரன் தரமாட்டான், நாமதான் கூட்டிட்டுப் போகணுமாம். சோத்துக்கு வாரவன எலையோட வான்னு சொல்ற கதை. போன வருசம் மாப்பிள்ளை அங்கனயே ஒரு ரிக்சாக்காரரக் கூட்டிட்டுப் போயிருக்காரு. தெரியாத ஆளு. அந்தாளு மேல கைய வச்சதும் மாப்பிள்ளைக்கு வெடவெடன்னு நடுங்கிருச்சு. கூச்சம், தம்பி. பொண்ணு பாக்க வந்தப்பவே பொண்ணப் பாக்காம பலகாரத் தட்டப் பாத்துக்கிட்டு இருந்த மனுசன். பெயிலாக்கிட்டானுக.

இன்னொரு தடவைதான் எழுத விடுவாங்களாம். இங்கிட்டு ஒரு பாதிரிமார் ஆஸ்பத்திரியில பிள்ளைக வார்டுக்கு ஆளு வேணும்னு சொல்லி, ஆனி மாசம் வரைக்கும் வேலைய நிறுத்தி வச்சிருக்காக. பாஸானா திண்டுக்கல்லு. நடந்தே போயிப் பாக்கலாம் எம்பொண்ண. பெயிலானா பம்பாயி. அவரு பெரியப்பா மகன் அங்க மில்லுல மேஸ்திரி, வா வான்னு காயிதம் போட்டுக்கிட்டே இருக்கான், அவன் கையில கட்டி மொளைக்க. வள்ளிக்கு இப்ப அஞ்சு மாசம். பம்பாய்க்குப் போயிட்டா பேரப்பிள்ளைய நான் போட்டாவுலதான் பாக்கணும். அதனால நானே சொன்னேன், 'மாப்பிள்ளை, தெரியாத ஆளுன்னாத்தான நடுங்குது, எம்மேல பழகுங்க, என்னயவே கூட்டிட்டுப் போங்க'ன்னு. நானாத்தான் சொன்னேன். வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டேன் எழவ.

நீங்களே சொல்லுங்க, மாமனார் காலை மாப்பிள்ளை புடிக்கலாமா? நம்ம பக்கம் மாப்பிள்ளை வந்தா மாமனாருதான எந்திரிச்சு நிக்கணும். இங்க மாமனாரு கோரப்பாயில குப்புறக் கெடக்கான், மாப்பிள்ளை பக்கத்துல முட்டி போட்டுக்கிட்டு முதுகப் பெசையிறாரு. தெருவே வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. தறிக்குப் பாவு போடுறவன் நூலை விட்டுட்டு வாரான். டீக்கடை ராயப்பராஜ் எனக்கு டீ ஊத்திக்கிட்டே கேக்குறான், 'ஏண்ணே, சீர் செஞ்ச காசுக்கு வட்டிய இப்படிக் கழிக்கிறியா'ன்னு. ஜக்கம்மாவோ மாப்பிள்ளை முன்னாடி வரமாட்டா. கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, 'காலை மடக்குங்க, மாப்பிள்ளை மேல பட்டுறப் போகுது'ம்பா. காலை மடக்குனா மாப்பிள்ளை, 'நீட்டுங்க மாமா'ம்பாரு. நீட்டுனா அவ கதவத் தட்டுவா. மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு, ஒரு மாசம். எனக்கு மூட்டுவலியே போயிருச்சுன்னா பாத்துக்கங்களேன்.

ஆனா பேரெல்லாம் எனக்கே மனப்பாடம் ஆயிப்போச்சு. கையக் குடுங்க. அட, சும்மா குடுங்க, பிடுங்கிக்கிற மாட்டேன். இந்தா, தோள் மேல குல்லா வச்ச மாதிரி இருக்குல்ல, இது டெல்டாய்டு. உங்களுக்கு நல்லா இருக்கு. பிடரியில இருந்து எறங்குதே, டிரபீசியஸ். அக்குளுக்குக் கீழ லட்டிசிமஸ் டார்சை. தூக்குங்க பாப்போம்... அடேயப்பா, அச்சு அசல் எனக்கு இருக்கிற மாதிரியே இருக்கு. விலா எலும்புகூட. நெளியாதீங்க, அம்புட்டுத்தான், விட்டுட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், பென்சிலு. ஒவ்வொரு தசையும் எங்கன தொடங்கி எங்கன முடியுதுன்னு மாப்பிள்ளை எம்முதுகுல கோடு போட்டுக்கிருவாரு. எச்சி தொட்டு எழுதுனா ஊதாவா விழும் பாருங்க, அந்தப் பென்சிலு. பக்கத்துல இங்கிலீசுல பேரும் எழுதுவாரு. பூகோளப் படம் மாதிரி. சாயங்காலம் குளிச்சா அம்புட்டும் போயிரும். மறுநா விடிஞ்சா மறுபடியும் குப்புறப் படு, மறுபடியும் ஒரு மணி நேரம் கோடு. எனக்கு அந்தப் பென்சிலக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். தண்ணி பட்டா ஓடுறதெல்லாம் ஒரு கலரா? சாயக்காரன் முதுகுல ஓடுற கலரா? அதச் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். சொன்னது அம்புட்டுத்தான். மாப்பிள்ளை ஒரு நாளு புஸ்தகம் வாங்கணும்னு மதுரைக்குப் போனாரு. போயிட்டுத் திரும்பி வாரதுக்குள்ள இந்த ஜக்கம்மா, ஈக்குச்சியில பஞ்சச் சுத்தி, பட்டறையில இருந்த செவப்பத் தொட்டு, பென்சில் கோட்டு மேலயே இழுத்துப்புட்டா. கோடு மட்டுமில்ல, இங்கிலீசு எழுத்து மேலயும். அவளுக்குத் தமிழே எழுதத் தெரியாது. கோலம் போடுற கை பாருங்க, ஒரு எழுத்துப் பிசகல. அச்சடிச்ச மாதிரி.

மாப்பிள்ளை வந்தாரு. நான் பெருமையாத் திரும்பிக் காட்டுனேன். சந்தோசப்படுவாருன்னு பாத்தா, மனுசன் சொவத்துல சாஞ்சுட்டாரு. 'மாமா, இது போகுமுங்களா'ன்னாரு. 'போகுமா? மாப்பிள்ளை, யாரப் பாத்துக் கேக்குறீங்க'ன்னேன். 'பரீட்சைக்கு இன்னும் பத்து நாளுதானுங்க மாமா. உங்க முதுகுல வெடையெல்லாம் எழுதியிருக்குதுங்க. பாத்துச் செய்யிறான்னு பிடிச்சுட்டாங்கன்னா அவ்வளவுதானுங்க'ன்னாரு. அப்பத்தான் எனக்கு ஒறைக்குது. நானே பிட்டுக் காயிதம் ஆயிட்டேன் தம்பி. காலு மொளைச்ச பிட்டு.

அப்புறம் தேச்சாங்க பாருங்க. புளி போட்டுத் தேச்சாச்சு. பீர்க்கங்கா நாருல தேச்சாச்சு. மண்ணெண்ணெய், சாம்பல், செங்கப்பொடி. வள்ளி ஒரு பக்கம், ஜக்கம்மா ஒரு பக்கம். சட்டி வெளக்குற மாதிரி வெளக்குறாக. தோலு போகுது, சாயம் போகல. எனக்கு அழுகையும் வருது, உள்ளுக்குள்ள ஒரு கொழுப்பும் வருது. எதச் செஞ்சாலும் அசையல பாருங்க, அதான் நம்ம செவப்பு. 'பாத்தியா ஜக்கம்மா, கொஞ்சமாச்சும் வெளுத்துச்சா'ன்னு கேட்டேன். செங்கப்பொடியக் கண்ணுல வீசிட்டா.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை வையல. அதுதாங்க தாங்க முடியல. வைஞ்சிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன், சரியாப் போயிருக்கும். நாலு நாளைக்கு முன்னால மெட்ராசுக்குக் கெளம்பயில, 'உங்க மாதிரியே ஒடம்புக்கட்டு இருக்கிற ஆளா ஒருத்தரக் கூட்டிட்டு வந்துருங்க மாமா. உங்க ஒடம்புலதானுங்க எனக்குக் கை பழகியிருக்குது'ன்னு மட்டும் சொல்லிட்டு, பஸ்ஸுல ஏறிப் போயிட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கல. கூச்சத்துல பாக்கலையா, கோவத்துல பாக்கலையான்னு நாலு நாளா நானும் யோசிக்கிறேன்.

என்ன பாக்குறீங்க அப்படி? ஜக்கம்மா மேல பழி போடுறேன்னா? அவதான குச்சியப் பிடிச்சா... சரி. சரிங்க. ரயில்ல போறவருட்ட என்ன ஒளிவு. நாந்தான் படுத்துக்கிட்டு எழுதச் சொன்னேன். அவ 'வேணாம், மாப்பிள்ளையக் கேட்டுச் செய்வோம்'னு ரெண்டு தடவை சொன்னா. நாந்தான் கேக்கல. சாயத்துல சோடாக் காரம் கம்மியா வையி, தோலு வெந்துரும், கலரு மட்டும் நிக்கணும்னு பக்குவம் சொல்லிக் குடுத்ததே நாந்தான். ஓடுற கலர் புடிக்காதுன்னு சொன்னேன்ல, அதுவும் நெசந்தான். ஆனா முழுசா நெசமில்ல. மதுரைக்குப் போறதுக்கு முந்தின நாளு மாப்பிள்ளை முதுகுல கோடு போட்டுக்கிட்டே சொன்னாரு, 'இன்னும் பத்துப் பன்னண்டு நாளுதானுங்க மாமா, அதுக்கப்புறம் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேனுங்க'ன்னு. எங்கப்பன் என்னய அடிக்கத்தான் தொட்டிருக்கான். ஆம்பளப் பிள்ளை இல்ல, தோள்ல ஏறி மிதிக்க. எனக்கு இந்த அம்பத்திரெண்டு வயசுல ஒருத்தரு வந்து தெனமும் 'வலிக்குதுங்களா மாமா, வலிக்குதுங்களா மாமா'ன்னு கேட்டுக் கேட்டு முதுகத் தொட்டா, அது எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படிச் சொல்ல. கோடு அழியாம இருந்தா அவரு இன்னும் நாலு தடவை கூடத் தொட்டுப் படிப்பாருன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான். அந்த ஆசைக்குத்தான் பரீட்சையில மண்ணப் போட்டுட்டேன்.

சரி, அத விடுங்க. இப்ப ஆளு. சின்னாளபட்டியில ஒரு பய வரமாட்டேங்குறான். ராயப்பராஜ் சரியான அளவு. தொட்டுப் பாத்தேன், கக்கத்துல கை பட்டதும் டீ வடிகட்டியோட தெருவுல ஓடிட்டான், கூச்சமாம். எங்க பங்காளி ஒச்சப்பன் மேல தேடிப் பாத்தா எலும்பே சிக்கல, ஒரே கொழுப்பு. மத்தவனெல்லாம் என்ன சொல்றான்கிறீங்க? 'மெட்ராஸ் வாறதெல்லாம் வாறோம், திரும்பி வரையில வெள்ளையா வருவோமா செவப்பா வருவோமா'ங்கிறானுக. தெருவுல நான் நடந்து போனாக் கதவச் சாத்துறாக. அண்ணந் தம்பி மாதிரிப் பழகுனவக.

நாளைக் கழிச்சுப் பரீட்சை, நான் போயி நிக்கணுமே. அங்க எம்மாப்பிள்ளை வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாரு. வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு இந்த ஸ்டேஷன்ல நுழையிறேன், நீங்க அந்தக் கொழாயில குனிஞ்சு தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கீங்க. சட்டைக்குள்ள தோள்பட்டை ரெண்டும் அப்படியே எந்தோள்பட்டை. எனக்கு நானே தண்ணி குடிக்கிற மாதிரி இருந்துச்சு. பொட்டியத் தூக்குனீங்க பாருங்க, அந்த லட்டிசிமஸ்... எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி. சும்மா பேச்சுத் தொணைக்கா இம்புட்டு நேரம் பேசுனேன்? ஒரு மணி நேரம் குப்புறப் படுக்கணும், அம்புட்டுத்தான். சாயமெல்லாம் கெடையாது, எங்க குலதெய்வத்து மேல சத்தியம். ஜக்கம்மா மெட்ராஸ் வரல. இந்தாங்க, கைமுறுக்கு இருக்கு, தின்னுங்க. புளிச்சோறு இருக்கு, வெஞ்சனத்துக்குத் தொவையலு இருக்கு. எனக்கு நல்ல சேலை ரெண்டு உங்க வீட்டுக்குப் பார்சல்ல அனுப்பத் தெரியாதா? புது ஆளுன்னு மாப்பிள்ளை நடுங்குவாரோன்னு நீங்க பயப்பட வேணாம். கண்ண மூடிக்கிட்டுத் தடவுனாருன்னா உங்களுக்கும் எனக்கும் வித்தியாசமே தெரியாது. நாந்தான்னு நெனச்சுக்கிருவாரு.

என்ன? என்ன சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க, அங்கிட்டு மதுரை வண்டி வந்து நிக்கிது, காது கேக்கல.

...கண்ணக் கட்டிட்டா?

இருங்க. இருங்க இருங்க. மாப்பிள்ளை கண்ணக் கட்டிட்டு, எம்முதுகையே தடவச் சொல்றதா? கண்ணக் கட்டிட்டா முதுகுல என்ன எழுதியிருந்தா என்ன. ராமாயணமே எழுதியிருந்தாலும் படிக்க முடியாதே. பரீட்சைக்காரன் பேரச் சொல்லணும், மாப்பிள்ளை தடவிப் பாத்துக் கைய வைக்கணும். சரியாத் தொட்டாரா இல்லையான்னு பரீட்சைக்காரன் எம்முதுகுலயே படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். அவனுக்கும் சோலி மிச்சம். தம்பி, நீங்க மனுசனே இல்ல. வாயத் தொறக்காம இருந்துட்டு ஒரே வார்த்தையில... மாப்பிள்ளைக்குக் கூச்சமும் இருக்காதே, ஆளப் பாத்தாத்தான கூச்சம். அவரு எங்காலப் பிடிக்கும்போது எம்மூஞ்சியப் பாக்க மாட்டாரு, சொவத்தத்தான் பாப்பாரு. கையே கண்டுபிடிச்சிரும். அவரு கையி பொய் சொல்லாது.

ஒத்துக்கிருவானுகளா? ஒத்துக்கிற வைக்கிறேன். வாசல்லயே சட்டையக் கழட்டிட்டு நிப்பேன். 'ஐயா, இத எழுதுனது எம்மருமகன் இல்ல, நானு. தண்டனை குடுக்கிறதுன்னா எனக்குக் குடுங்க. அந்தப் பிள்ளை கண்ணக் கட்டிட்டு ஒரே ஒரு தடவை என்னயத் தொட விடுங்க'ன்னு கேப்பேன். கால்ல விழணும்னா விழுவேன். ஒரு மாசமா விழுந்துதான கெடக்கேன். எம்பொண்ணு பம்பாய்க்குப் போகக் கூடாது தம்பி. மாப்பிள்ளையும் போகக் கூடாது. வள்ளிய விட அவரப் பிரிஞ்சுதான் இருக்க முடியாதுன்னு தோணுது, இத ஜக்கம்மாட்ட சொன்னா மறுபடியும் செங்கப்பொடிதான்.

கையக் குடுங்க, தம்பி, கையக் குடு... எங்க போயிட்டாரு? பொட்டியக் காணோம். முறுக்கையும் எடுத்துட்டுப் போயிருக்காரு, நல்லாத் தின்னட்டும். அந்தா ஓடுறாரு. ஏங்க, அங்கிட்டு எதுக்கு ஏறுறீங்க? அது மதுரைக்குப் போற வண்டிங்க! மெட்ராஸ் இந்தப் பக்கம். எறங்குங்க, எறங்குங்க, ஒண்ணும் பண்ண மாட்டேன். நீங்க வேணாங்க தம்பி. உங்கள யாரும் கூட்டிட்டுப் போகல. எம்மாப்பிள்ளைக்கு நான் போதும்.